மேல்விளிம்பைத் தொடுமுன்

அருமனை, களியல், கடையாலுமூடு, பனச்சமூடு, குலசேகரம் வட்டாரத்து மெஷின் வாள்காரத் தம்பிமாருக்கும், அவர்களுடைய மெஷின்களைத் திறந்து வேலை பார்க்கும் பணிமனைக்காரருக்கும் ஒரு திறந்த மடல்.



போன வாரம் ஒரு மெஷின் என் மேசைக்கு வந்தது. 72 சிசி. கொண்டுவந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. "அண்ணே, சும்மா நிக்கும்போ நல்லா கத்துது. தடியில வச்சா இழுக்கல்ல" என்றான். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை யாரோ மூன்று மில்லிமீட்டர் மேலே ஏற்றியிருந்தார்கள். கிரைண்டர் பிடித்த கை நல்ல கை. வளைவு எங்கும் முறியவில்லை, பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. வேலை தெரியாதவன் கெடுத்திருந்தால் வருத்தம் அன்றைக்கே போயிருக்கும். இது வேலை தெரிந்த கை, அளக்காமல் கெடுத்தது.

அந்தக் கை யாருடையது என்று பையனிடம் நான் கேட்கவில்லை. உங்களில் ஒருவராக இருக்கலாம். என்னிடம் வேலை படித்துப் போனவராகவும் இருக்கலாம். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இந்த மெஷினுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று உங்களுக்குத் தெரியும். ரப்பர் ஏழாம் வருடம் பால்வெட்டுக்கு வரும். இருபத்தைந்து, முப்பது வருடம் ஆனதும் மிச்சப் பாலை எடுக்கும் சிலாட்டர் வெட்டு வெட்டி, மரத்தை முறித்து, அடுத்த கன்று வைக்க வேண்டும். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் வெளியிட்ட ஆர்ஆர்ஐஐ 105 ஒட்டுக்கன்றை நம் அப்பாமார் தோட்டம் தோட்டமாக வைத்தார்கள். அந்த மரங்கள்தான் கடந்த பதினைந்து வருடமாக முறிக்கு வந்தபடி இருக்கின்றன. 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய விலை பிறகு சரிந்தபோது, வயது ஆகாத மரத்தையும் முறித்தவர்கள் உண்டு. முறித்த ரப்பர் தடி தேக்கு மாதிரி கிடந்து பொறுக்காது. மழையில் சில நாள் கிடந்தாலே பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிடும், ஆலைக்காரர் விலையைக் குறைத்துவிடுவார். ஆகவே அன்று சாய்த்ததை அன்றே துண்டு போட்டு லோடு ஏற்ற வேண்டும். கூலியோ மரக் கணக்கு, இல்லாவிட்டால் டன் கணக்கு. அரை நாளில் முடிக்கிற வேலையை மூன்று மணி நேரத்தில் முடித்தால் அடுத்த ரப்பர் விளைக்குப் போகலாம். மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் பலம் கிடைக்காதா என்று நினைப்பதில் தப்பு எதுவும் இல்லை. கம்பெனிக்காரன் செய்ததைத் தொடாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தொடலாம். நானும் தொடுகிறேன்.

எங்கள் தலைமுறைக்கு இந்த வேலை மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100 வெளிவந்த 1985-க்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து நான் மார்த்தாண்டத்தில் ஒரு பணிமனையில் கையாளாகச் சேர்ந்தேன். 98 சிசி வண்டி. அதன் சிலிண்டரில் போர்ட்டை ஏற்றினால் பேய்போலப் பாயும். சோழவரம் விமான ஓடுதளத்துப் பந்தயங்களில் ஓடிய வண்டிகளின் கதைகள் மெட்ராசிலிருந்து வாய்வழியாக இங்கே வந்து சேரும். எந்த போர்ட்டை எவ்வளவு தேய்த்தான் என்பதைச் சாமி ரகசியம் மாதிரி காதுக்குள் சொல்வார்கள். எல்லாக் கதையிலும் பாடம் ஒன்றுதான்: எக்ஸாஸ்டின் மேல்விளிம்பை ஏற்று, வேகம் வரும். ஆர்எக்ஸ் 100-ன் உற்பத்தி 1996-ல் நின்றது. அந்தப் பாடம் நிற்கவில்லை. அதே கை, அதே கிரைண்டர், அதே பாடம் மெஷின் வாளுக்கு வந்தது. என் மேசையில் கிடக்கும் இந்தச் சிலிண்டர் கெட்டது அந்தப் பாடத்தால்தான்.

வண்டிக்குச் சரியாக இருந்தது வாளுக்கு ஏன் சரிப்படவில்லை? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இந்த மடலின் உயிர் இதில்தான் இருக்கிறது.

நம் டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் வால்வு கிடையாது. பிஸ்டன்தான் கதவு. அது கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்து புகை வெளியேறும். அதன்பின் டிரான்ஸ்பர் போர்ட்கள் திறந்து, கிராங்க் கேஸில் இருக்கும் புதுக் கலவை மேலே ஏறும். பிஸ்டன் திரும்ப ஏறும்போது டிரான்ஸ்பர் முதலில் மூடும், எக்ஸாஸ்ட் கடைசியில் மூடும். அந்தக் கடைசி இடைவெளியில் புதுக் கலவையில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே ஓடப் பார்க்கும். மேல்விளிம்பை ஏற்ற ஏற்ற அந்த இடைவெளி நீளும்.

மோட்டார் சைக்கிளில் அந்த ஓட்டத்தைத் தடுக்க ஒரு காவலாளி உண்டு, அதன் சைலன்சர். நடுவில் பருத்து இரு பக்கமும் ஒடுங்கிய அந்தக் குழாய்க்குள் புகையின் அழுத்த அலை பாய்ந்து, பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பி, வெளியே வந்த கலவையைப் போர்ட் மூடும் நொடியில் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியில் இருந்த வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இந்த வித்தையைக் கணக்கிட்டு வசப்படுத்தினார். அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் நாட்டை விட்டுத் தப்பி சுசுகியில் சேர, வித்தையும் கூடவே ஜப்பானுக்குப் போனது. மறு வருடமே சுசுகி 50 சிசி உலகப் பட்டம் வென்றது. ஆர்எக்ஸ் 100-ல் போர்ட்டை ஏற்றி நாம் எடுத்த வேகத்தில் பாதி அந்தக் குழாய் தந்தது.

நம்முடைய வாளில் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது? உள்ளங்கை அளவில் ஒரு தகரப் பெட்டிதான் இருக்கிறது. அலை போகும், திரும்பி வந்து தள்ளாது. காவலாளி இல்லாத வீட்டில் வாசலை அகலத் திறந்து வைத்த கதைதான் மேல்விளிம்பை ஏற்றுவது. கலவை வெளியே போகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சும்மா நிற்கும்போது சுழற்சி ஏறிக் கத்தும், தடியில் வைத்தால் படுத்துவிடும்.

எண்ணில் சொல்கிறேன். ஸ்டில் 381 மாதிரி ஒரு மெஷினில் போர் 52 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 34. எக்ஸாஸ்ட் திறக்கும் இடத்தில் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் அது கிட்டத்தட்ட 4 டிகிரி முன்னால் திறக்கும், 4 டிகிரி பிந்தி மூடும். அந்தப் பையனின் சிலிண்டரில் மூன்று மில்லிமீட்டர் என்றால் இருபதுக்கு மேல் டிகிரி கூடிவிட்டது. கலவையை அமுக்க பிஸ்டனுக்குக் கிடைக்கும் உயரம் முதலில் சுமார் 23 மில்லிமீட்டர் இருந்தது, இப்போது 20. தடிக்குள் இழுக்கிற பலம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்தவர் கிரைண்டரால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

வெட்டுக்கு வேண்டியது எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்றில், செயின் மரத்துக்குள் இருக்கும்போது உள்ள இழுவை. பதினாலாயிரம் சுற்றில் காற்றில் கத்துகிற சத்தம் எந்த மரத்தையும் அறுத்ததில்லை. வெளிநாட்டில் 1985-லிருந்து நடக்கும் டிம்பர்ஸ்போர்ட்ஸ் மரவெட்டுப் போட்டிகளில் 'ஹாட் சா' என்று ஒரு பிரிவு உண்டு. 46 சென்டிமீட்டர் தடியில் மூன்று வட்டு அறுக்க அந்த மெஷின்களுக்கு ஆறேழு நொடி போதும். நீங்கள் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அது ஆறு நொடிக்காகக் கட்டிய மெஷின். உங்கள் மெஷின் காலை ஏழு மணியிலிருந்து வெயில் சாயும் வரை ஓட வேண்டும்.

அப்படியானால் எங்கே கை வைப்பது? முதலில் சைலன்சர். பல மெஷின்களில் புகை வெளியேறும் துளை எக்ஸாஸ்ட் போர்ட்டில் பாதி அளவுகூட இராது. அதைப் போர்ட்டின் பரப்பில் முக்கால் பங்கு வரும்வரை பெரிதாக்கினாலே வித்தியாசம் கைக்குத் தெரியும், சிலிண்டரைத் தொட வேண்டியதே இல்லை. கார்புரேட்டரின் எச் ஸ்க்ரூவை மட்டும் மறக்காமல் திறந்துவிட வேண்டும். புகைக்கு வழி கூடினால் காற்றும் கூடும், அதற்குத் தக்க பெட்ரோல் கூடவில்லை என்றால் பிஸ்டன் பிடித்துவிடும்.

அடுத்தது ஸ்குவிஷ், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஓர இடைவெளி. பல மெஷின்களில் இது ஒரு மில்லிமீட்டர் வரை தளர்வாக வரும். 0.5-க்குக் கொண்டுவந்தால் அமுக்கம் கூடும், இழுவை கூடும். சிலிண்டர் அடியில் உள்ள கேஸ்கெட்டை எடுத்துவிட்டு நல்ல சீலன்ட் போடுவது எளிய வழி. சிலிண்டர் கீழே இறங்குவதால் எக்ஸாஸ்ட் பிந்தித் திறக்கும், இன்டேக் முந்தித் திறக்கும். இரண்டும் வெட்டு வேலைக்குச் சாதகம். ஆனால் அளக்காமல் கேஸ்கெட்டை எடுத்தால் பிஸ்டன் ஹெட்டில் போய் முட்டும். பிளக் ஓட்டை வழியாக 1.5 மில்லிமீட்டர் சால்டரிங் ஈயக் கம்பியைச் சுவர் தொடும்வரை நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. கிராங்க் கேஸும் சிலிண்டரும் சேர்ந்து இரு ஓடு மாதிரி மூடும் சின்ன மெஷின்களில் இந்தக் கேஸ்கெட்டே கிடையாது, அங்கே இந்த வழி எடுபடாது.

மூன்றாவதாகத்தான் போர்ட். அதிலும் மேலே ஏற்றாமல் பக்கவாட்டில் அகலப்படுத்துங்கள். மேல்விளிம்பு வளைவாக இருந்தால் போரின் 65 சதவீதம் வரை போகலாம். 52 மில்லிமீட்டர் போருக்கு 34 வரை. அதற்கு மேல் ரிங் துருத்தி போர்ட்டுக்குள் மாட்டும். நான் கெடுத்த முதல் வாள் சிலிண்டர் அப்படித்தான் போனது. அகலம் வேண்டும் என்ற ஆசையில் நீள்சதுரமாக வெட்டி, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்காமல் பூட்டிக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஓடிற்று. ரிங் நுனி மாட்டி முறிந்து, துண்டுகள் சிலிண்டரைக் கீறிக்கொண்டே எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறின. வாளின் சொந்தக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. ஒரு வார்த்தை திட்டவில்லை. சிலிண்டரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதப் போர் பண்ண முடியாதாடே?" என்று மட்டும் கேட்டார்.

முடியாது. ஆர்எக்ஸ் 100 சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு லைனர். கீறினால் லேத்தில் கொடுத்துப் போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு இன்னொரு வாழ்வு கொடுக்கலாம். வாள் சிலிண்டர் அலுமினியம். உள்ளே நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சு, சிலவற்றில் குரோமியம். பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிரைண்டரைத் தப்பான திசையில் பிடித்தால் ஓரத்தில் உரியத் தொடங்கி உள்ளே வரை போகும். அதனால் கல்லை எப்போதும் போரிலிருந்து போர்ட்டுக்குள் போகும் திசையில் ஓட்டுங்கள். கடைசியில் ஓரம் முழுக்க மெல்லிய சரிவு கொடுங்கள். விரல் நகத்தை மேலும் கீழும் இழுத்தால் எங்கேயும் தட்டக் கூடாது.

டிரான்ஸ்பர் போர்ட்களின் உள்சுவரைச் சுத்தம் செய்யலாம். அவை திறக்கும் சாய்வை மாற்றாதீர்கள். இரண்டு பக்கத்துக் கலவையும் எக்ஸாஸ்டுக்கு எதிர்ச் சுவரில் சேர்ந்து, மேலே ஏறி, வளைந்து இறங்கிப் புகையைத் துரத்த வேண்டும். ஜெர்மானியர் அடால்ஃப் ஷ்னூர்லே 1920-களில் கண்ட வழி அது. இன்றுவரை நம் வாள்கள் அந்த வளைவில்தான் மூச்சு விடுகின்றன. சாய்வு மாறினால் கலவை நேரே எக்ஸாஸ்டைப் பார்த்துப் போய்விடும்.

எக்ஸாஸ்ட் திறப்பதற்கும் டிரான்ஸ்பர் திறப்பதற்கும் நடுவில் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 சுற்றில் அது ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் புகையின் அழுத்தம் இறங்கியாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் கண்ணால் பார்த்து, 'இவ்வளவு போதும்' என்று தேய்ப்பதை எப்படித் தொழில் என்று சொல்வது? ஃப்ளைவீல் நட்டில் பிள்ளைகளின் 360 டிகிரி பாகைமானி ஒன்றை மாட்டி, ஒரு கம்பியை முள்ளாக வளைத்து வைத்தால் டிகிரி வீல் தயார். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பொருள்தான்.

பெட்ரோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது பிஸ்டன் பிடித்துப்போய் வரும் மெஷின்களில் பாதிக்குப் பழி போர்ட்டிங் மேல் விழுகிறது. நாட்டில் பெட்ரோலில் எத்தனால் 2022-ல் 10 சதவீதம் ஆயிற்று, 2025-ல் 20 சதவீதம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குச் சுமார் எட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஐந்து வருடம் முன் திருகி வைத்த ஸ்க்ரூவோடு இன்றும் ஓடும் மெஷின், தெரியாமலே பெட்ரோல் குறைந்து லீனாக ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். இரண்டு பருவ மழையும் பெய்யும் ஊர் நம்முடையது. கேனில் ஒரு மாதம் கிடந்த கலவையை வாளில் ஊற்றாதீர்கள். கார்புரேட்டர் டயஃப்ரம் விறைத்துவிட்டதா என்றும் வருடம் ஒருமுறை பாருங்கள். சும்மா முழு ஆக்சிலேட்டரில் பிடித்தால் மெஷின் லேசாகத் திக்கித் திக்கிப் பாட வேண்டும், தடியில் வைத்ததும் குரல் தெளிய வேண்டும். சும்மாவே தெளிவாகக் கத்துகிறது என்றால் அது பசியில் கத்துகிறது. இக்னிஷன் காயிலே சுழற்சியை அறுக்கிற புது மெஷின்களில் காதை நம்ப முடியாது, டேக்கோமீட்டர் வைத்துப் பாருங்கள்.

2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்த பிறகு வந்த வாரங்கள் எனக்கு மறக்காது. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து, ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்து, மாவட்டமே இருட்டில் கிடந்தது. ரோட்டைத் திறந்தவர்கள் நீங்கள். சாப்பாடு கொண்டு போகவும், ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டு போகவும் வழி விட்டது உங்கள் மெஷின். அந்த நாட்களில் பிடித்துப்போன சிலிண்டர்கள் என் பணிமனையில் ஒரு கூடை நிறைய சேர்ந்தன. ரப்பர் பாலும் ஈரத் தூளும் சேர்ந்து சிலிண்டரின் குளிர்விப்பு இறகுகளை அடைத்ததில் சில போயிருந்தன. மற்றதெல்லாம் போர்ட் தேய்த்து, கார்புரேட்டரைத் திரும்பப் பார்க்காமல் விட்டவை. விளைக்குள் மெஷின் நின்றால் நஷ்டம் ஒரு நாள் கூலி. அன்று ஒவ்வொரு மெஷினும் நின்றபோது விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் காத்துக் கிடந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சைலன்சர் துளையைப் பெரிதாக்குகிறவர்கள் உள்ளே இருக்கும் பொறித்தடுப்பு வலையைக் கழற்றி எறிகிறார்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்க்கும் காலம். விளை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த சருகு. தயவுசெய்து வலையைத் திரும்பப் போடுங்கள். புகையின் வாய் தரையைப் பார்க்காமலும் பெட்ரோல் மூடியைப் பார்க்காமலும் இருக்கட்டும்.

செயினையும் யோசியுங்கள். போர்ட்டிங் கேட்டு வருகிற மெஷின்களில் முக்கால் பங்குக்குச் செயின் மொட்டையாக இருக்கிறது. 3/8 பிட்ச் என்றால் 5.2 மில்லிமீட்டர் அரம், .325 என்றால் 4.8. பத்துத் தடவை தேய்த்தால் கிடைக்கும் வேகம் பல போர்ட்டிங்கில் கிடைக்காது. 3/8 பிட்ச், ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு சுற்றுக்குச் செயின் 13 சென்டிமீட்டருக்கு மேல் ஓடும். 10,000 சுற்றில் மணிக்கு 80 கிலோமீட்டர், 13,500-ல் 108. அந்தச் செயின் அறுந்து திரும்பும்போது உங்கள் வலது கைதான் பக்கத்தில் இருக்கிறது. போர்ட் செய்த மெஷினில் செயின் பிரேக் வேலை செய்யவில்லை என்றால் அதைப் பூட்டித் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆள் கோபித்துக்கொண்டு போனாலும் போகட்டும்.

இனி, நான் கேட்க வந்தது. நமக்குள் ஒவ்வொருவரும் தன் அளவை மறைக்கிறோம். என் ஆசானும் மறைத்தார், நானும் பல வருடம் மறைத்தேன். அதனால் என்ன ஆயிற்று? ஒருவர் தேய்த்த சிலிண்டர் இன்னொருவர் மேசைக்கு வரும்போது, அது எங்கே இருந்தது, எவ்வளவு போனது என்று தெரியாமல் அவரும் இன்னும் கொஞ்சம் தேய்க்கிறார். அந்தப் பையனின் சிலிண்டர் மூன்று பேர் கையால் மில்லி மில்லியாக ஏறியதாகக்கூட இருக்கலாம். ஆகவே சிலிண்டரைத் தொடுமுன் அளந்து எழுதுங்கள், தொட்டபின் அளந்து எழுதுங்கள். அந்தச் சீட்டை லேமினேட் செய்து ஏர் ஃபில்டர் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் கொடுங்கள். மெஷின் எந்த ஊருக்குப் போனாலும் அதன் ஜாதகம் அதோடு போகட்டும்.

என் சொந்த மெஷினின் சீட்டை இங்கே எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். போர் 52. ஸ்குவிஷ் முன்பு 0.95, இப்போது 0.5. எக்ஸாஸ்ட் திறப்பு 103 டிகிரி, டிரான்ஸ்பர் 121, இன்டேக் உச்சிக்கு 76 முன்பு. எக்ஸாஸ்ட் அகலம் 33, மேல்விளிம்பு தொடவில்லை. எண்ணெய் லிட்டருக்கு 25 மில்லி. பொறித்தடுப்பு வலை உண்டு.

அந்தப் பையனுக்கு வேறு சிலிண்டர் போட்டாயிற்று. பழையதை அவன் திரும்பக் கேட்கவில்லை. என் மேசையில்தான் இருக்கிறது, பாகைமானியும் ஈயக் கம்பியும் பக்கத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியத்துக்கு மேல் பணிமனை திறந்திருக்கும். அதைத் தேய்த்தவர் வந்தாலும் சரி, நாம் சேர்ந்தே அளந்து பார்ப்போம்.

அன்புடன்,
பழைய டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் ஒருவன்,
அருமனை